நான்கு நிறத்தில் ஒருத்தி

சிவகாசி
14 ஜூலை 2024

நசிமா அக்காவுக்கு,

சலாம். நான் சனா, உன் தங்கச்சி. நீ கடைசியாக வீட்டுக்கு வந்து போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மறந்திருப்பாயோ என்று சொல்லி வைக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குக் கடிதப் பாடம் நடக்கிறது. ‘வெளியூரில் இருக்கும் உறவினருக்கு நீ வசிக்கும் இடத்தின் அழகை விவரித்து எழுது.’ எல்லாரும் மதுரை மாமாவுக்கு எழுதினார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். ஜெமிமா டீச்சர் உனக்கும் டீச்சராமே. அவர்கள்தான் உன் ஹாஸ்டல் முகவரியைக் கண்டுபிடித்துத் தந்தார்கள். பதிலை டீச்சர் பேருக்கே போடு. அத்தா உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறார். உன் பேரைச் சொன்னால் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுகிறார்.

இனி அழகு.

நம் காம்பவுண்டில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் சுவர் உதிர்கிறது. அதனால் எல்லாரும் பிரஸ்ஸில் கழித்த வேஸ்ட் தாளை மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இது உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மை சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரே தாளை மெஷினில் பத்துத் தடவை ஓட்டுகிறார்கள் அல்லவா, அதனால் ஒரு படத்துக்கு மேல் இன்னொரு படம் விழுந்திருக்கிறது. இரண்டாம் நம்பரில் ஒரு மயிலுக்கு டிராக்டர் சக்கரம். ஏழாம் நம்பரில் ஒரு புலி வளையல் போட்டிருக்கிறது. அங்கேயே அடுப்புக்கு மேலே ஒரு மாப்பிள்ளை, அவர் வயிற்றுக்குள் ஒரு கப்பல். உலகத்தில் வேறு எங்கேயும் இந்தப் படங்கள் கிடையாது. நான் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன்.

காலேப் என்று ஒருவன் என் வகுப்பில். மாடி வீடு. ஒரு நாள் கூட்டிப் போனான். பாவம், சுவரில் ஒன்றுமே இல்லை. எல்லாம் வெள்ளை. நம் வீட்டிலும் வெள்ளைதானே என்று நீ கேட்பாய். தொழுகிற வீடு என்று அத்தா தாளைத் திருப்பிப் படத்தை உள்பக்கம் வைத்து ஒட்டியிருக்கிறார். ஆனால் நம் வெள்ளைக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்கள். அவன் வீட்டில் பின்னாலும் சிமெண்டுதான்.

ஒரு விஷயம். தங்கச்சாமி மாமா நாலாம் நம்பரைக் காலி பண்ணிப் போய்விட்டார். மத்தியானம் சும்மா உள்ளே போனேன். அவர்கள் கட்டில் கிடந்த இடத்துச் சுவரில் ஒரு பொம்பளை. முழுக்க நீலம். மேலே ஒரு கேஸ் அடுப்பும் நிறைய எண்களும் விழுந்திருக்கின்றன. அதற்குள்ளிருந்து பார்க்கிறாள். நான் ஜன்னல் பக்கம் போனால் ஜன்னல் பக்கம் பார்க்கிறாள்.

இதற்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

சனா

*

புதுச்சேரி
25 ஜூலை 2024

சனா,

உன்னை மறக்கவில்லை.

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்தேன். வளையல் போட்ட புலியில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். வீட்டிலிருந்து கடிதம் என்றேன். எந்த ஊர் என்றாள். விருதுநகர் என்றேன். சிவகாசி என்றால் முதலில் பட்டாசைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். காம்பவுண்டைப் பற்றி இங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து வருஷமாக என் முகவரியில் ஒரு வரியைக் குறைத்தே எழுதுகிறேன்.

நீ சொல்வது சரி. நான் பார்த்ததில்லை. அங்கே இருந்த நாட்களில் தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டுவேன். பஸ்ஸில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஆமத்தூர் விலக்கு வரும்வரை நிமிர மாட்டேன். பதினொரு வயதில் உனக்கு இருக்கும் திமிர் எனக்கு இருந்ததில்லை. அதை விட்டுவிடாதே.

அந்த நீலப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது. மூக்குத்தி எந்தப் பக்கம்? புருவம் எப்படி? கையில் என்ன வைத்திருக்கிறாள்?

சும்மாதான் கேட்கிறேன்.

நசிமா

*

சிவகாசி
11 ஆகஸ்ட் 2024

அக்கா,

நீ கேட்டதால் திரும்பப் போய்ப் பார்த்தேன். மூக்குத்தி வலது பக்கம். இடது புருவத்தில் நடுவில் ஒரு வெட்டு, ரோமமே இல்லை. கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி இரண்டு கையையும் மடக்கி வைத்திருக்கிறாள்.

இதை எழுதும்போது பகல் பதினொரு மணி. வெளியே வெயில். பயமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

காம்பவுண்டை விற்கப் போகிறார்கள். ஓனர் சண்முகவேல் வந்து வாசலில் நின்று எல்லாரையும் காலி பண்ணச் சொன்னார். இங்கே காலண்டர் குடோன் கட்டப் போகிறாராம். போன வாரம் ஆறாம் நம்பர் காலி ஆனது. நான் போனேன்.

அங்கேயும் அவள்தான், அக்கா. அதே மூக்குத்தி, அதே வெட்டு. இந்தத் தடவை மஞ்சள். மஞ்சள் மட்டும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவைப் பாதி சாத்தினால் வருகிறாள். காலேபைக் கூட்டிப் போய்க் காட்டினேன். “ஏய், உங்க காம்பவுண்டுல ஆளில்லாத வீட்டுல என்னமோ நடமாடுது” என்று சொல்லிவிட்டு செருப்பை விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஒரு செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு, ஆறு. அவள் வந்த வீட்டில் ஆள் இருப்பதில்லை. வாசலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருக்கிறாள். நம் வீடு பன்னிரண்டு. கடைசி.

காலி வீடுகளில் பசை காய்ந்து தாள் எழும்பியிருக்கிறது. காற்றடித்தால் சுவர் உப்பிச் சுருங்குகிறது. தூங்குகிற ஆள் மாதிரி. இதுவும் அழகுதான். ஆனால் டீச்சருக்கு எழுதும் பாடத்தில் இதைச் சேர்க்கவில்லை.

சனா

*

புதுச்சேரி
20 ஆகஸ்ட் 2024

சனா,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதிலும் எல்லாம் இல்லை.

முதலில் பயத்துக்குப் பதில். அவள் வந்ததால் அவர்கள் போகவில்லை. அவர்கள் போனதால்தான் நீ உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கிறாய். ஆள் இருந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள், கட்டிலுக்குப் பின்னால், துணிக்கொடிக்குப் பின்னால். வரிசையைத் தலைகீழாகப் பார்க்கிறாய்.

நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒரு படத்தை நாலு தடவையாக அச்சடிக்கிறார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால்தான் முகம். வேஸ்ட் தாளில் சில சமயம் ஒரு நிறம் மட்டும் விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

இதை எழுதிவிட்டு என் அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு. குளிர்ந்திருந்தது. ஏன் தொட்டேன் என்று தெரியவில்லை.

அந்தத் தாள்கள் எங்கிருந்து வந்தன என்று யாரிடமாவது கேள். அத்தாவிடம் கேட்காதே. அத்தாவை அந்த வீடுகளுக்குள் கூட்டிப் போகவும் வேண்டாம்.

நசிமா

*

சிவகாசி
15 செப்டம்பர் 2024

அக்கா,

கேட்டேன். அத்தா முன்னால் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். போன ஐப்பசியில் குடோனைக் காலி செய்தபோது பழைய வேஸ்ட் தாளையெல்லாம் வெளியே போட்டார்கள். மழைக்கு முன்னால் சுவரில் ஒட்ட நம் ஆட்கள் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்தார்களாம். அத்தா மட்டும் வாங்கவில்லையாம். அந்தக் கம்பெனித் தாளே வேண்டாம் என்றாராம்.

நீ சொன்ன காரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் நம்பர் காலியான அன்றைக்கே அங்கே அவள் சிவப்பில் நின்றாள். சிவப்பில் உதடு தெரிகிறது. ஏதோ சொல்லப் போய் நிறுத்தின மாதிரி இருக்கிறது. அன்றைக்குச் சாயந்தரமே சண்முகவேல் நம் வீட்டு வாசலுக்கு வந்து, நவம்பருக்குள் காலி பண்ணுங்க முகைதீன் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தா சரி என்று சொல்லிவிட்டார். எங்கே போவோம் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு இங்கேயிருந்து போக வேண்டாம். மயிலை எடுத்துப் போக முடியாது. கப்பல் மாப்பிள்ளையை எடுத்துப் போக முடியாது. நான் பிறந்ததிலிருந்து பார்த்துப் பெயர் வைத்ததெல்லாம் இந்தப் பன்னிரண்டு வீட்டில் இருக்கிறது.

அதனால் அவளை நிறுத்திவிட்டேன். ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் காம்பஸை எடுத்துப் போய் நாலாம் நம்பரில் அவள் கண் இரண்டையும் சுரண்டினேன். பிறகு ஆறு. பிறகு ஒன்பது. கண் தெரியாவிட்டால் வழி தெரியாது. சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது.

இனி வர மாட்டாள்.

சனா

*

புதுச்சேரி
22 செப்டம்பர் 2024

சனா,

உட்கார்ந்து படி. டீச்சர் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

அவள் பெயர் பீவி ஜான். நம் அம்மா.

ஜூலையில் நீ எழுதிய புருவ வெட்டைப் படித்த நிமிஷமே தெரியும். தகரக் கதவு பட்டு வந்த வெட்டு அது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தாவுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எனக்கு அம்மாவின் முகம் மறந்துவிட்டது. வெட்டு நினைவிருக்கிறது, மூக்குத்தி நினைவிருக்கிறது, முகம் இல்லை. எனக்கு இல்லாதது உனக்குச் சுவரில் வருகிறது. பொறாமையாக இருந்தது. இதை எழுத இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

2013 ஜூலை. உனக்கு ஐந்து மாதம். அம்மா அந்தக் கம்பெனியில் தாள் எண்ணும் வேலை பார்த்தாள். புகழேந்தி என்று ஒரு போட்டோக்காரர் வந்தார். காலண்டர் படத்துக்கு நிற்க வேண்டிய பெண் வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் கொண்டு வந்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு நின்றாள். நான் அங்கே இருந்தேன். “அந்தக் கைய அப்படியே வைங்கம்மா, எறக்காதீக. பொருள அப்புறம் வச்சுக்கலாம்” என்றார். எண்ணெய் டப்பாவோ டீத்தூளோ, எந்தக் கம்பெனி ஆர்டர் கொடுக்கிறதோ அதைக் கையில் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் கை காலியாக இருக்கிறது.

அத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அங்கே கட்டிங் மெஷினில் இருந்தார். அச்சான தாள் அறுப்பதற்காக அவர் மேஜைக்கு வந்தது. இடுப்பு உயரத்துக்கு அடுக்கு. மேலே அம்மா. அதற்குக் கீழே அம்மா. “முகைதீன் பொண்டாட்டி இனிமே பொட்டிக்கடைதோறும் தொங்குவா” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தா அடுக்கைத் திருப்பித் திருப்பி வைத்து மெஷினை இறக்கினார். முழு ஆர்டரையும். நகம் அளவுக்கு.

அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவில்லை. ஒன்பது மாதம். சோறு வாங்குவார், பேச மாட்டார். அடுத்த ஏப்ரலில் அவளுக்கு மஞ்சள்காமாலை. பதினோரு நாள்தான். அத்தா பேசியிருந்தால் அந்தப் பதினோரு நாளில் பேசியிருக்க வேண்டும். பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் வேறு படம் கிடையாது. வாக்காளர் அட்டையில் இருந்தது யாருடைய முகமாகவும் இருக்கலாம். நான் வீட்டைவிட்டுப் போன அன்று அத்தாவிடம் கேட்டது இதைத்தான். “ஒரே ஒரு படம் இருந்துச்சு. அதையும் அறுத்துப் போட்டீங்களே.” வெளியே போ என்றார். போனேன்.

நல்ல தாள் எல்லாம் அறுபட்டது. வேஸ்ட் தாள் கட்டிங்குக்கு வராது. அது எங்கோ கிடந்து, பத்து வருஷம் கழித்து நம் காம்பவுண்டுச் சுவருக்கு வந்திருக்கிறது.

உன்மேல் தப்பில்லை. இதை மூன்று முறை படி.

நசிமா

*

சிவகாசி
20 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்தபோது மூன்று பேருக்கும் கண் இல்லை.

நீ ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம். நான் உன்னோடு பேசக் கூடாது என்று இருந்தேன். நாலு வாரம் இருந்தேன்.

நாலாம் நம்பருக்குப் போனேன். கொட்டிய சுண்ணாம்பைக் கூட்டிப் பார்த்தேன். அதில் நீலம் ஒரு துளிகூட இல்லை. வெறும் பொடி. பிறகு ஜேசிபி வந்து முதல் ஆறு வீட்டையும் இடித்துவிட்டது. மயில், நீலம், மஞ்சள் எல்லாம் போய்விட்டது. லாரி போன பிறகு ரோட்டில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினேன். ஒரு காது கிடைத்தது. அது அம்மாவுடையதா, வேறு யாருடையதா, தெரியவில்லை. வைத்திருக்கிறேன்.

இப்போது நான் அவளை நிறுத்தவில்லை. தேடுகிறேன். மிச்சமிருக்கும் வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் சிவப்பைத் தவிர வேறு இல்லை. முந்தாநாள் பதினோராம் நம்பர் தேவமணி அக்கா காலி பண்ணி ஆலங்குளம் போனார்கள். பீரோவை நகர்த்தினோம். நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

பீரோவுக்குப் பின்னால் நிற்கிறாள். நாலு நிறமும் இருக்கிறது. பச்சைச் சேலை. கண் இருக்கிறது.

இன்னொன்று, அக்கா. கை காலியாக இல்லை. அந்தத் தாளில் வேறு ஏதோ கம்பெனியின் குழந்தைப் படக் காலண்டரும் விழுந்திருக்கிறது. குழந்தையின் தலை சரியாக அவள் முழங்கை மடிப்பில் இருக்கிறது. கால் மறு கையில். ஒட்டிச் சேர்த்திருக்கிறார்களோ என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரே தாள்தான்.

தேவமணி அக்கா குடிவந்து மூன்று வருஷம்தான், அம்மாவைப் பார்த்ததில்லை. சட்டி பானையைக் கட்டிக்கொண்டே, இந்தப் பொண்ணு ஒன்ன மாதிரியே இருக்காளே, என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாள் வரவே மாட்டேன் என்கிறது. ஓரத்தை இழுத்தால் சுவரோடு வருகிறது. அந்த வரிசையை எப்போது இடிப்பார்கள் என்று தெரியவில்லை. என்ன செய்ய?

சனா

*

புதுச்சேரி
28 அக்டோபர் 2024

சனா,

இழுக்காதே. ஓரத்தைத் தொடாதே. யாரிடமாவது போன் இருந்தால் படம் எடுத்து வை. அத்தாவின் போன் வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். பெரிதாகத் தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை.

அன்றைக்கு நீ அம்மாவின் கையில் இருந்தாய். போட்டோக்காரர் கூப்பிட்டதும் உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போய் வெளிச்சத்தில் நின்றாள். நீ அழுதாய். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். கை இன்னும் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் அவர், எறக்காதீக என்றார். போட்டோவுக்காக வைத்த கை இல்லை அது. நீ இருந்த இடம்.

அந்தக் குழந்தைப் படம் தற்செயல். மெஷினுக்கு எதுவும் தெரியாது. இதை நான் நம்புகிறேன். பகலில் நம்புகிறேன்.

அத்தா பார்க்க வேண்டாம். பார்த்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

நான் வரலாமா என்று யோசிக்கிறேன். பஸ் பன்னிரண்டு மணி நேரம்தான். வாசல்வரை வரலாம். அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

நசிமா

*

சிவகாசி
17 நவம்பர் 2024, ஞாயிறு

அக்கா,

அத்தா பார்த்துவிட்டார். நான் காட்டவில்லை. புது வீட்டுக்குப் பரண் பலகை வேண்டும் என்று பதினோராம் நம்பருக்குள் போனார். வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. நான் போய் வாசலில் நின்றேன்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டார். “இது எம்புட்டு நாளா இங்கன இருக்கு?”

ஒரு வருஷமாக இருக்கிறது, பீரோவுக்குப் பின்னால் இருந்தது என்றேன். நம் வீட்டிலிருந்து ஒரு சுவர்தான் நடுவில் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் பாயை விரித்துத் தொழுகிற சுவருக்குப் பின்பக்கம்தான் அவள்.

அத்தா வெளியே போனார். பசை காய்ச்சி எடுத்து வந்தார். ஒரு புதுத் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே வர, அவள் மேல் வைத்து ஒட்டினார். நான் அத்தாவின் கையைப் பிடித்தேன். தட்டிவிடவில்லை. பிடித்திருக்கும்போதே ஒட்டி முடித்தார்.

பசையில் தாள் நனைந்தது. நனைய நனைய வெள்ளை போனது. முதலில் புருவம் வந்தது. பிறகு சேலை. பிறகு முகம் முழுக்க. மூடுவதற்கு முன்னால் இருந்ததைவிடப் பக்கத்தில் இருந்தாள் அக்கா, தண்ணீருக்குள் முகம் தெரிகிற மாதிரி. அத்தா பிரஷ்ஷை வைத்துக்கொண்டே நின்றார். காலை பத்து மணி, கதவு வழியே வெயில். அரை மணி நேரத்தில் தாள் காய்ந்தது. அவள் போய்விட்டாள். வெறும் வெள்ளை.

அத்தா குழாயடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் எடுத்து வந்து கையால் தெளித்தார். வந்தாள்.

அப்போது அத்தா அவளிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நிறைய நேரம் சொன்னார். காய்ந்ததும் நிறுத்தினார். தெளித்தார், திரும்ப ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலாவது வாளிக்குத் தாள் குழைய ஆரம்பித்துவிட்டது. தாடைப் பக்கம் உப்பி, அடித்தாளும் சேர்ந்து நழுவுகிறது. அத்தா உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் தாள் நிற்கும், ஆனால் அவள் தெரிய மாட்டாள். நான் அதைச் சொன்னேன். தெரியும் என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “ஒங்கக்காவுக்கு எழுது. வியாழக்கிழம இடிக்காக. அதுக்குள்ள வரச் சொல்லு.”

போன் போடட்டுமா என்றேன். போன் வேண்டாம், போனில் சொன்னால் நம்ப மாட்டாள், எழுது என்றார். டீச்சர் மூலமாக எழுதுவது அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். நாளைக்குக் காலையில் ஸ்பீடு போஸ்டில் போட டீச்சரிடம் கொடுத்துவிடுவேன். செவ்வாய் அல்லது புதன் உனக்குக் கிடைக்கும். கிடைத்ததும் பை எடுக்காமல் கிளம்பு. பஸ் ஸ்டாண்டில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. இடிந்த ஆறு வீட்டுக்கு அந்தப் பக்கம், கதவு திறந்திருக்கும்.

அத்தா இப்போது அசருக்குத் தொழப் போயிருக்கிறார். போகும்போது வாளியை என்னிடம் கொடுத்து, கொஞ்சமாத் தெளி என்றார். இதைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். நெற்றி காய்ந்துவிட்டது. ஒரு கண் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. அது என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்க்கிறது.

சனா